தறி நிற்காத புத்தகம்

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். ராசிபுரம் வாசகசாலையில் அறுபத்திரண்டு புத்தகங்கள் இருந்தன. நான் படிக்காதது ஒரே ஒரு துப்பறியும் நாவல். அது அன்று, தறிக்கூடத்துக்குப் புத்தகம் எடுக்க வரும் ஒருவர் கையில் இருந்தது.

ஒல்லியான மனிதர், மீசையில் பஞ்சு ஒட்டியிருக்கும். கால் ஊனமானதால் தறி மிதிக்க முடியாது. நெய்கிறவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அன்று நாவலை என்னிடமே நீட்டினார்.

“நீங்களே எடுத்துக்குங்க சாமி. கொலைகாரன் ஆருன்னு தெரியற வரைக்கும் ஒருத்தனும் தறி மிதிக்க மாட்டான். வெள்ளிக்கிழமை கலியாணச் சேலை குடுக்கோணுமுங்க.”

மாட்டு வைத்தியப் புத்தகத்தோடு போனார்.

அடுத்த வாரம், “சேலை முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டேன்.

“எங்கீங்க! புத்தகத்துல வகுறு உப்புன மாடு பொழைக்குமா சாவுமான்னு அத்தனை பேரும் கையைக் கட்டிட்டு உக்காந்துட்டானுங்க. முகூர்த்தத்தன்னைக்குக் காலையிலதான் சேலையைத் தறியில இருந்து அறுத்துக் குடுத்தோம். சுவாரசியமில்லாத புத்தகம் ஒண்ணு காட்டுங்களேன்.”

அறுபத்திரண்டில் ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

இப்போது என் அலமாரியில் நானூற்றுப் பதினேழு. எதை எடுத்தாலும், இதைக் கேட்டிருந்தால் அந்த நெசவாளர்கள் தறியை நிறுத்தியிருப்பார்களா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.