முள்கரண்டிக்கு இல்லாத தடை

குரோஷா ஊசி குத்தி இதுவரை யாரும் செத்ததில்லை. கனடாவின் தண்டர் பே நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் மூன்றாவது மாடியில் மட்டும் அது கொலைக்கருவி ஆகிவிட்டது. மேலாளர் ஷெல்பி அதைக் கிழவர் ஓஸ்டாப்பின் கையிலிருந்து வாங்கினார். பிளாஸ்டிக் பையில் போட்டார். பையின் வாயை அழுத்தி மூடி, போலீஸ்காரர் தடயம் கொண்டுபோவது போலக் கொண்டுபோனார். முனை மழுங்கிய அலுமினியக் கொக்கி அது. வெந்த உருளைக்கிழங்கைக் குத்தக்கூட லாயக்கில்லை.

இர்யா பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குக் காதுமடல் வரை சிவந்துவிட்டது.

இர்யா லாத்தேலா அந்த மாடியின் பராமரிப்பு உதவியாளர். தாத்தா ஃபின்லாந்திலிருந்து மரம் வெட்ட வந்தவர், அப்பா காகித ஆலைக்காரர். ஆலை மூடியதும் புருஷன் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். இரண்டு பெண் பிள்ளைகளை ஒற்றை ஆளாய் வளர்த்தாள். அந்தப் பிள்ளைகளின் தொப்பி, கையுறை, கழுத்துத்துணி எல்லாம் வேலைக்குப் போகும் பேருந்தில் அவள் குரோஷாவில் போட்டவை. சனிக்கிழமை சௌனா என்ற நீராவி அறையில் வியர்க்க உட்கார்ந்தால்தான் முதுகு வலி விட்டுக்கொடுக்கும். முதியவர்களைத் தூக்கி உட்காரவைத்தே தேய்ந்த முதுகு. ஓய்வூதியம் எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்தது.

எட்டிப் பார்க்கும் தூரம்தான், எட்டவில்லை. அவள் கோப்பில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள். சர்க்கரை நோயாளி ஒருத்தி சாகிற வாரத்தில் ஆசைப்பட்டுக் கேட்ட பெர்ஷியன் பன்னை, இளஞ்சிவப்பு இனிப்புப் பூச்சோடு, வாங்கிக் கொடுத்ததற்கு ஒன்று. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கோட்டுக்காரரிடம், “ஒருநாள் வந்து நீங்க குளிப்பாட்டிப் பாருங்க சார்” என்று சொன்னதற்கு இன்னொன்று. மூன்றாவது விழுந்தால் வீட்டுக்குப் போகலாம்.

ஓஸ்டாப் ஆயுள் முழுக்க ஏரித் துறைமுகத்துத் தானியக் கிடங்கில் கோதுமையைக் கப்பலில் ஏற்றியவர். தூசி தின்றவர், சங்கம் கட்டியவர். பக்கவாதம் வந்து இடதுகை சோர்ந்துபோனது. அதன்பிறகு அவருக்கு வாய்த்ததெல்லாம் ஒரு ஜன்னல், ஒரு தொலைக்காட்சி, செவ்வாய்க்கிழமை பிங்கோ. மூன்றையும் அவர் வெறுத்தார்.

ஊசி பறிபோவதற்கு முன் ஒருநாள், இர்யா சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது கேட்டார்.

“ஏம்மா இர்யா, உன் பையில எப்பவும் ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குதே, என்ன அது?”

“குரோஷா ஊசி.”

“ஸ்வெட்டர் பின்னுவாங்களே, அதுவா?”

“அது வேற, இது வேற. அதுக்கு ரெண்டு ஊசி, ரெண்டு கையும் வேணும். கண்ணி எல்லாம் ஊசி மேலயே வரிசையா உக்காந்திருக்கும். ஊசி நழுவுச்சோ, போச்சு. இதுல ஒரே கொக்கி. ஒரு நேரத்துக்கு ஒரு கண்ணியைப் பிடிச்சா போதும்.”

“அப்ப ஒத்தக் கைக்காரனுக்கு இது தோதுதான்.”

“தோதுதான். பொறுமைதான் வேணும், அது உங்ககிட்ட கிடையாது.”

“கறுப்பு நூல் வாங்கிட்டு வா. துறைமுகத்துக்காரனுக்கு வேற கலரெல்லாம் ஒத்துவராது.”

“கறுப்புல கண்ணி எங்க இருக்குன்னே தெரியாது, பெரியவரே. மூக்கு மேல இருக்கிற கண்ணாடியையே தேடுற ஆளு நீங்க.”

“ஆட்டு ரோமம்தானே அசல்? அதைக் கொண்டா.”

“அசலை நம்ம சலவை மெஷின்ல போட்டா, கொதிக்கிற தண்ணியில சுருங்கி உங்க கட்டைவிரலுக்கு உறையா வரும். அக்ரிலிக் போதும். நடுத்தரத் தடிமன், வெளிர் நிறம், மொசுமொசுன்னு முடி இல்லாதது. எந்த ஊசின்னு நூல்கண்டைச் சுத்தின காகிதப் பட்டையிலயே போட்டிருக்கும்.”

வெளிர் மஞ்சளில் ஒரு கண்டு வந்தது. துணி காயப்போடும் கிளிப்பால் இர்யா வேலையின் நுனியை மேசை விளிம்பில் கவ்வவைத்தாள். நூல் தாறுமாறாக ஓடாமலிருக்க அவருடைய சோர்ந்த கையையே அதன்மேல் பாரமாக வைத்தாள். மனுஷர் பிடித்துக்கொண்டார். கேள்விக்குக் குறைவில்லை. கால்மேஜோடு மாட்டும்போது ஒன்று, மாத்திரை விழுங்கும்போது ஒன்று. ஊசி ஏன் உள்ளே நுழைய மாட்டேன் என்கிறது?

“கப்பலையா கட்டுறீங்க? தளர்வா விடுங்க. அப்பவும் இறுகினா ஒரு அளவு பெரிய ஊசி எடுக்கலாம்.”

எல்லாருக்கும் முதலில் வருகிற வியாதி அவருக்கும் வந்தது. சதுரமாய் ஆரம்பித்த துணி, மேலே போகப் போக ஒடுங்கி முக்கோணமாகிவிட்டது.

“வரிசையோட கடைசிக் கண்ணியை விட்டுட்டுத் திரும்பிடுறீங்க. ஒவ்வொரு வரிசையும் எண்ணிப் பாருங்க.”

“நான் ஒண்ணையும் விடலை. நூல்தான் திருடுது.”

“நூலு திருடாது. அதுக்கு மேலாளர் வேலை தெரியாது.”

இதைச் சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஷெல்பி வாசலில் நின்றார். ஊசி பைக்குள் போனது அப்போதுதான்.

அலுவலக அறைக்குள் ஷெல்பி குரலை உயர்த்தவில்லை. அப்படிப்பட்டவர்கள் உயர்த்துவதில்லை.

“ஊசி கூர்மையான பொருள். நூல் கால் தடுக்கும். குடியிருக்கிறவங்க பாதுகாப்புதான் எனக்கு முக்கியம், இர்யா.”

“பாதுகாப்பா? ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரே ஆளு மொத்த மாடிக்கும். அப்ப எங்க போச்சு பாதுகாப்பு?”

“அது வேற விஷயம். ஒருத்தரைக் கவனிக்க எவ்வளவு நேரம்னு அட்டவணை இருக்கு. அதுல குரோஷா இல்லை.”

“அதுல பேச்சும்தான் இல்லை. வாயை மூடிக்கிட்டு டயப்பர் மாத்தச் சொல்றீங்களா?”

ஷெல்பி ஒரு உறுதிமொழித் தாளை நீட்டினார். கைவேலைப் பொருள் எதையும் இனி கொண்டுவர மாட்டேன். அதுபற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன். இதில் திங்கட்கிழமை கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது எச்சரிக்கை.

கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று ஒரு மனுஷி கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆயுள் முழுக்க உழைத்த ஒருவன், வாழ்வில் முதல்முறையாக, யாருக்கும் லாபம் தராத ஒன்றைக் கற்றுக்கொள்ள வாயைத் திறந்திருக்கிறான். அந்த வாயை மூடுவதற்கு இவர்கள் தாள் அடிக்கிறார்கள். தாளுக்கும் மைக்கும் மட்டும் அந்த இல்லத்தில் என்றைக்கும் தட்டுப்பாடு வந்ததில்லை.

ஓஸ்டாப்பிடம் அவள் மறைக்கவில்லை. மறைக்க வராது அவளுக்கு.

“போட்டுடலாம்னு இருக்கேன், பெரியவரே. இன்னும் கொஞ்ச வருஷம்தான். வயிறுன்னு ஒண்ணு இருக்கே.”

“திங்கட்கிழமை வரைக்கும் பேனாவைத் தொடாதே.”

“என்னமாச்சும் கலாட்டா பண்ணினீங்கன்னா என் தலைதான் உருளும்.”

“உன்னை யார் கூப்பிட்டா? நீ ஞாயித்துக்கிழமை தட்டை மட்டும் கொண்டுவந்து வை.”

சட்டப்படி அந்த இல்லத்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஆனால் குடியிருப்பவர்கள் முள்கரண்டியைக் கீழே வைக்கக்கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. தானியக் கிடங்கில் கற்ற பாடத்தை ஓஸ்டாப் மறந்திருக்கவில்லை.

ஞாயிறு மதியம் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பார்க்க வருகிற நேரம். சாப்பாட்டுக்கூடம் நிறைந்திருந்தது. வெங்காயம் வதக்கிப் போட்ட பெரோகி, கிட்டத்தட்ட உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை, மேலே புளித்த கிரீம். இர்யா தட்டுகளை வைத்துக்கொண்டே வந்தாள். நெல்லா பன்யூட்டி என்ற இத்தாலியக் கிழவி முதலில் தன் முள்கரண்டியை எடுத்து, மேற்பார்வைக்கு நின்ற ஷெல்பியின் பக்கத்திலிருந்த தள்ளுவண்டியில் போட்டாள். டங் என்றது.

“என்ன நெல்லா, சாப்பிடலையா?” என்றார் ஷெல்பி.

“சாப்பிடுவேன். இது கூர்மையான பொருள். ஓஸ்டாப்போட ஊசிக்கு ஒரே முனை, அதுவும் மழுங்கல். இதுக்கு நாலு. எனக்குப் பயமா இருக்கு.”

அடுத்த மேசையிலிருந்து ஒரு டங். அதற்கடுத்த மேசையிலிருந்து ஒன்று. நடுங்குகிற கைகளால் போட முடியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் போட்டார்கள். பிறகு எல்லாரும் விரலால் எடுத்துத் தின்ன ஆரம்பித்தார்கள். நமக்கு அது சாப்பாடு. அந்த ஊரில் பெரியவர்கள் அப்படிச் செய்தால் மானம் போன காரியம். கிரீம் முழங்கை வரை வழிந்தது. நெல்லாவின் மகன், வங்கி அதிகாரி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“எங்கம்மா ஏன் காட்டுவாசி மாதிரி சாப்பிடுறாங்க? இங்க முள்கரண்டி வாங்கக்கூட வக்கில்லையா?”

“மேலாளரைக் கேளுடா” என்றாள் நெல்லா, விரலை நக்கிக்கொண்டே. “கூர்மையானதெல்லாம் ஆபத்தாம். இந்த வயசுல ஒரு கண்ணி போடக் கத்துக்கிட்டா கொலைகாரனாயிடுவோமாம்.”

குடும்பங்கள் ஷெல்பியைச் சூழ்ந்துகொண்டன. ஒருத்தி கைப்பேசியில் படம் எடுத்தாள். ஷெல்பி பாதுகாப்பு என்று ஆரம்பித்தார்; அந்தச் சொல்லை முடிக்க யாரும் விடவில்லை. ஓஸ்டாப் தன்பாட்டுக்குப் பெரோகியைக் கிரீமில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார். இர்யா தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாள். சிரிப்பு வெளியே வராமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு யார் தலை உருளும் என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அலுவலக மேசையில் இரண்டு பொருள்கள் இருந்தன. பிளாஸ்டிக் பைக்குள் ஊசி. பக்கத்தில் அந்தத் தாள்.

“ஊசியைத் திருப்பிக் கொடுக்கிறோம்” என்றார் ஷெல்பி. “குடும்பங்களோட விருப்பத்தை மதிச்சு.”

“விருப்பமா? நல்லா வச்சீங்க பேரு. இந்தத் தாள்?”

“அது தனி. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா…”

“போட மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை வரை பேனாவைத் தொடத் தயாராயிருந்தவள் அவள். முழங்கை வரை கிரீம் வழிய உட்கார்ந்திருந்த கிழவர்கள் முன்னால் இனி எந்த முகத்தோடு போய் நிற்பது?

“மூணாவது எச்சரிக்கை கொடுக்கணும்னா கொடுங்க. என்ன காரணம்னு எழுதுவீங்க? கேட்டதுக்குப் பதில் சொன்னாள்னா? அதை நீங்களே கூடத்துல நின்னு குடும்பங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

ஷெல்பி ஜன்னலைப் பார்த்தார். ஏரி உறைந்து கிடந்தது. அந்தப் பக்கமும் உதவி வரவில்லை. தாளை மடித்து இழுப்பறைக்குள் தள்ளினார். கிழிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. முதல் இரண்டு எச்சரிக்கைகளும் இன்றைக்கும் அவள் கோப்பில் அப்படியே இருக்கின்றன. செத்துப்போனவளுக்கு வாங்கிக் கொடுத்த பன்னுக்கானதுகூட. வென்றோம் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். பறித்ததைத் திருப்பி வாங்கினார்கள், அவ்வளவுதான்.

இர்யா பையைப் பல்லால் பிய்த்து ஊசியை எடுத்தாள். நேரே ஓஸ்டாப்பின் அறைக்குப் போனாள். அங்கே நெல்லா சக்கர நாற்காலியில் முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் வெள்ளை நூல்கண்டோடு.

“வேலை இருக்கா, போச்சா?” என்றார் ஓஸ்டாப்.

“இருக்கு. அந்த முக்கோணத்தை எடுங்க.”

“அவரை விடு, நான் முதல்ல கேக்கிறேன்” என்றாள் நெல்லா. “ஆரம்ப முடிச்சை எப்படிப் போடுறது?”

சுவரில் கடிகாரம் அட்டவணையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இர்யா அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கொண்டாங்க நூலை” என்றாள்.