சந்திப்பில் நிற்கும் அப்துல் மஜீத் என்பவர்

கடலூர் முதுநகரில் எங்கள் சந்துக்கு உப்புக்காரச் சந்து என்று பெயர். அகலம் எட்டடி. எதிரெதிரே இரண்டு பேர் குடை பிடித்து வந்தால் ஒருத்தர் வாசற்படியில் ஏறி வழிவிட வேண்டும். இந்தச் சந்தில் தினமும் காலையில் இருநூறு பைக் பறந்தது என்றால் நம்புவீர்களா? பறந்தது. அதற்குக் காரணமானவர், இந்த ஊரில் சாலைப் பாதுகாப்புக்காக யாரையும் விட அதிகமாகப் பாடுபட்ட மனுஷர். எங்கள் எதிர்வீட்டு அப்துல் மஜீத் மாமா.

என் பெயர் ஜான்சி. சந்து முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், பட்டா நகல், மனு டைப் அடிப்பது எல்லாம் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் மனைவி அமீனா பீவியை நான் அக்கா என்பதால் மஜீத் எனக்கு மாமா. சவுதியில் இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், போய்விடுவார்.

அறுபது வயதில் ஒரேயடியாகத் திரும்பி வந்த வாரம், டீக்கடைக்காரர் அவரைப் பார்த்து “நீங்க வெளியூருங்களா?” என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க மாமா சாப்பிடவில்லை.

“பொறந்த ஊர்ல என்னை வெளியூரான்னு கேக்கறான் ஜான்சி” என்று என் கடையில் வந்து உட்கார்ந்தார். “இந்த ஊர்ல நாலு பேருக்காவது மஜீதுன்னா யாருன்னு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

போக்குவரத்துப் போலீசுக்கு உதவத் தன்னார்வலர்கள் தேவை என்று அறிவிப்பு வந்தது அந்த மாதம்தான். முதல் விண்ணப்பம் மாமாவுடையது. மூன்று நாள் பயிற்சி, வெள்ளைச் சட்டை, ஒளிரும் ஜாக்கெட், தொப்பி, விசில். “பெருநாள் சட்டைக்குக் கூட மனுசன் இப்பிடி இஸ்திரி கேட்டதில்ல” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

சிதம்பரம் பஸ்கள் திரும்பும் மெயின் ரோட்டுச் சந்திப்பில், காலை எட்டிலிருந்து பத்து வரை மாமாவுக்கு வேலை. மற்ற தன்னார்வலர்கள் வெயில் ஏறியதும் நிழல் பார்த்து ஒதுங்குவார்கள். இவர் அசையமாட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ரோட்டைத் தாண்ட வைப்பார். ஹெல்மெட் போடாதவனையும் மூன்று பேராக வருகிறவனையும் நிறுத்தி, சவுதியில் சட்டம் எப்படி என்று பிரசங்கம் வைப்பார். பிரசங்கம் முடிந்ததும் நம்பரைப் போட்டோ எடுத்துப் போலீஸ் குரூப்பில் போடுவார். அபராதம் செல்போனுக்கே வந்து சேரும். தாஜா பண்ண யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். குடித்து முடித்துவிட்டு அவனையும் போட்டோ எடுப்பார்.

ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சந்திப்புக்கு நூறடி முன்னால் இடது பக்கம் ஒடித்தால் எங்கள் சந்து. அதில் புகுந்து அந்தப் பக்கம் ஏறினால் மாமாவுக்குப் பின்னால் போய்ச் சேரலாம். அவர் முதுகைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு நிம்மதியாகச் சிதம்பரம் போகலாம். மெயின் ரோட்டில் ஒழுங்கான ஜனங்கள், எங்கள் வாசலில் மீதி எல்லாரும்.

மாமாவுக்கோ பெருமை தாங்கவில்லை. “பாத்தியா ஜான்சி? ஜனங்க மாறிட்டாங்க. இன்னிக்கி ஒருத்தன்கூட ஹெல்மெட் இல்லாம வரல.”

“மாறல மாமா, திரும்பறாங்க. நம்ம சந்துல திரும்பறாங்க.”

“சும்மா ஏதாவது சொல்லாத” என்பார். அவர் ஏழரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குத் திரும்புகிறவர். நடுவில் சந்து படும் பாட்டை அவர் எங்கே பார்த்தார்? இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

போன புரட்டாசியில் ஒரு புதன்கிழமை. மீன் விற்கும் கொளஞ்சியம்மாள் கூடையை இறக்கி வைத்திருந்தாள். அமீனா அக்கா குனிந்து சங்கரா பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ராபர்ட்டின் பைக் வந்தது. ராபர்ட் யார் என்றால், வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தரும் ஏஜென்ட். விபத்து எப்படியெல்லாம் வரும் என்று ஊருக்கே எடுத்துச் சொல்கிறவன். தலையில் ஹெல்மெட் இல்லை. பிரேக் அடித்தான், மீன் தண்ணீரில் சறுக்கி வண்டியோடு அக்கா மேல் விழுந்தான். அக்காவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

அவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். விசில் கழுத்தில் தொங்க மாமா ஓடி வந்தார்.

“ஏன்டா, மெயின் ரோடு இருக்கச் சொல்ல அந்தச் சந்துல எதுக்குடா வந்த?”

ராபர்ட் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். “மெயின்ல நீங்க நிக்கறீங்களே பாய்!”

மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்குச் சந்திப்பில் நின்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கொளஞ்சியம்மாள் என் கடைக்கு வந்தாள். “எழுதுடி மனு. நான் மீன விக்கிறதா, கூடையத் தூக்கிக்கினு ஓடறதா?”

எழுதினேன். ‘சந்திப்பில் நின்று வாகனங்களை மறிக்கும் அப்துல் மஜீத் என்பவரால் எங்கள் சந்தில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அவரை உடனடியாக அப்புறப்படுத்த வேண்டுகிறோம்.’ முதலில் தன்னார்வலர் என்றும் அடித்திருந்தேன். தங்கள் ஆள் மேலேயே புகார் என்றால் போலீசார் ஓரமாகப் போட்டுவிடுவார்கள் என்று நான்தான் அந்த வார்த்தையை எடுத்தேன்.

கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்த அக்காவிடம் தயங்கித் தயங்கி நீட்டினேன். “மாமா பேர் இருக்குக்கா.”

“இருக்கட்டும். நான் சொன்னா கேக்கமாட்டாரு. போலீஸ் சொன்னா கேப்பாரு” என்று முதல் கையெழுத்தை அவளே போட்டாள். அதற்குக் கீழே முப்பத்தாறு பேர் போட்டார்கள்.

மறுநாள் மாமா அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டை நகல் எடுக்க வந்தார். மேஜை மேல் மனு. நான் மறைப்பதற்குள் கையில் எடுத்துவிட்டார். இரண்டு தடவை படித்தார்.

“அமீனா கையெழுத்து மாறவே இல்ல” என்றார். “மொதல்லல்லாம் லெட்டர்ல பாப்பேன். அப்புறம் போன் வந்துடுச்சு.” மனுவை மடித்துப் பையில் வைத்தார். “நான் எப்பிடியும் ஸ்டேஷனுக்குத்தான போறேன். நானே குடுத்துடறேன்.”

“வேணாம் மாமா, குடுங்க” என்று கெஞ்சினேன். போய்விட்டார்.

அங்கே நடந்ததைச் சாயந்திரம் அவரேதான் என் கடையில் வந்து சொன்னார். இரண்டு வருஷமாகத் தினமும் சல்யூட் வாங்கிக்கொண்ட இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்தாராம். நிமிர்ந்து பார்த்து, “யாரு பாய் இந்த அப்துல் மஜீத்? ரவுடியா?” என்று கேட்டாராம். “நீங்க அந்த ஏரியாதான? போய் அந்த ஆளக் கண்டிச்சு வைங்க. இனிமே அங்க நின்னா தூக்கி உள்ள வச்சுடுவேன்னு சொல்லுங்க.”

“நீங்க என்ன மாமா சொன்னீங்க?”

“சொல்லிடறேன் சார்னேன். அவன் இனிமே வரமாட்டான் சார்னேன். சல்யூட் அடிச்சுட்டு வந்துட்டேன்.” எழுந்து போகும்போது, “அமீனாகிட்ட இதச் சொல்லிடாத” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை எடுத்த பாவி நான்தானே.

மறுநாள் காலை எட்டு மணி. சந்தில் ஒரு வண்டி இல்லை. ஹெல்மெட் போடாதவர்கள் எல்லாரும் மெயின் ரோட்டிலேயே ராஜாவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா கைலியோடு வாசலில் நாற்காலி போட்டு அக்காவைத் தாங்கிக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அக்கா சந்தை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

“பரவால்லயே ஜான்சி, மனு குடுத்த மறுநாளே நடவடிக்கை எடுத்துட்டாங்களே!”

“ஆமா” என்றார் மாமா. “நல்ல இன்ஸ்பெக்டர்.”