தென்முனைக்குத் திரும்பி வந்த ஆமை

தாம்பரத்தில் புறப்பட்ட மின்சார ரயிலில் அந்த அம்மாள் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். கிராப் வெட்டிய நரைமுடி, வெயிலில் கறுத்த முகம். கிரேட் நிக்கோபார் தீவில் நர்ஸாக இருந்தவராம். பேச்சு சூடுபிடித்தால் எதிரில் இருப்பவரின் முழங்காலைத் தட்டுவார்.

“தீவோட தென்முனை சார். கடல் வரைக்கும் காடு. சுனாமியில அந்த நிலமே கீழ இறங்கிடுச்சு. கரையில இருந்த லைட்ஹவுஸைச் சுத்தித் தண்ணி வந்துடுச்சு. ஆமை முட்டை போடற மணலெல்லாம் போச்சு. இனிமே எங்க வரப்போகுதுன்னு அழுதேன்.”

“அப்புறம்?”

முழங்காலில் பலமாக ஓர் அடி விழுந்தது.

“கடலே புது மணலைக் கொண்டாந்து கொட்டிச்சு! ஒருநாள் விடியக்காலைல போறேன், ஒண்ணு முட்டை போட்டுட்டுத் திரும்பிப் போயிட்டிருக்கு. அலை வரைக்கும் கூடவே நடந்தேன் சார்!”

“எம்மாம் பெருசுக்கா இருந்துச்சு?” என்று பக்கத்தில் நின்ற பூக்காரப் பெண் கேட்டாள்.

அவர் எழுந்து இரு கைகளையும் விரித்தார். போதவில்லை. என்னையும் எழுப்பி, அவர் கையை ஒட்டி என் கையையும் நீட்டச் சொன்னார். பல்லாவரத்தில் ஏறிய கூட்டத்தில் நிற்கவே இடமில்லை. ஆனாலும் எல்லோரும் சிரித்தபடி நெருக்கிக்கொண்டு, அந்த ஆமைக்கு வழி விட்டார்கள்.