ஆதாரத்துக்கு எடுத்த படம்

பக்கத்து வீடும் என் வீடும் ஒரே மாதிரி கட்டியவை. அதன் சொந்தக்காரர் வீட்டை நாள் வாடகைக்கு விட்டுவிட்டு மஸ்கட்டில் நிம்மதியாக இருக்கிறார். துறைமுக வேலைக்கு வருகிறவர்கள், திருச்செந்தூர் போகிறவர்கள் என்று இங்கே தினம் ஒரு புது முகம். தண்ணீர் வரும் நாளில் அந்த வீட்டு மோட்டார்தான் முதலில் உறிஞ்சும். வீட்டை லாட்ஜாக நடத்துகிறார்கள் என்று தெருவே சேர்ந்து மாநகராட்சியில் புகார் கொடுத்தோம்.

"ஆதாரம் வேணும்லா? வந்து போறவங்களைப் படம் எடுத்துக் குடுங்க" என்றார் அதிகாரி.

என் ஜன்னலிலிருந்து அந்த கேட் நன்றாகத் தெரியும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மத்தியானம், தலையில் துண்டு போட்ட ஒருவரும் ஓர் அம்மாளும் அங்கே மணியடித்தபடி நின்றார்கள். 'அடிங்க, நல்லா அடிங்க' என்று முனகிக்கொண்டே முதுகுப்பக்கமாகப் படம் எடுத்தேன்.

படங்களைக் கொடுத்த மறுநாள், விளாத்திகுளத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏளா, பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தோம். ரொம்ப நேரம் மணியடிச்சோம், ஒன்னக் காணல. வெயில்ல ஒன் சித்திக்கு மயக்கமே வந்துட்டு."

அடுத்த வாரம் அதிகாரி விசாரிக்க வந்தார். தெருவே கூடி நின்றது. ஒவ்வொரு படமாகக் காட்டி, தெரிந்தவர்களா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தவர், அந்தப் படத்தில் நிறுத்தினார். அதில் சித்தி ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"யாருன்னே தெரியாது சார்" என்றேன்.