கொட்டை பழுப்பாகும் வரை

காலை ஏழு இருபது. ஆஸ்டின் டவுன் தெருமுனையில் முதலில் கண்ணில் பட்டது, நீலக் கூடைகளில் இருந்த கருந்திராட்சை. பின்னால் சலவைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். சிறிய பழமொன்றை வாயில் போட்டு, கொட்டையை உள்ளங்கையில் துப்பி, அதன் நிறத்தைப் பார்த்தார். கூவி விற்கத் தெரியவில்லை.

"இன்னாண்ணா, வெறும் கொட்டையா கீது?" என்றார் ஒரு பெண்.

"திங்கற திராட்சை இல்லம்மா. ஒயினுக்குன்னு வெச்சது."

"அப்ப ஒயினாவே குடு," என்று சிரித்துக்கொண்டே அவர் நகர்ந்தார்.

நந்தி மலை அடிவாரத்தில் தன் தோட்டம் என்றார் பழக்காரர். ஒயின் கம்பெனி அதிகாரி சொன்னதால், சந்தையில் விற்கும் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டு ஷிராஸ் என்ற ஒயின் திராட்சையை நட்டவர். இந்த முறை அறுக்க நாள் கேட்டதற்கு, அடர்த்தியான சிவப்பு ஒயினுக்குக் கொட்டை நன்றாகப் பழுப்பாக வேண்டும், பொறுங்கள் என்றிருக்கிறார் அதிகாரி. இவரும் மூன்று வாரம் பொறுத்தார். கோடை மழையில் பழம் வெடித்தது. கம்பெனி தனக்கு வேண்டிய பழத்தைத் தொலைவில் விஜயபுரா பக்கம் வாங்கிக்கொண்டது. வெடிக்காமல் தப்பியவைதான் கூடையில் இருந்தன.

"எழுதி வாங்கலையா?" என்றேன்.

"வருசா வருசம் எங்க வீட்ல உக்காந்து களி சாப்பிட்டுப் போறவரு சார். அவர்கிட்ட போய் எப்படிக் காகிதம் கேக்கறது?"

"இப்ப என்ன சொல்றார்?"

"ஃபோன் எடுக்கறதில்ல. மீட்டிங்ல இருப்பாரு."

அதைச் சொல்லும்போதும் அவர் குரலில் மரியாதை குறையவில்லை. ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறு ஆண்டு அந்தக் கம்பெனியின் ஷிராஸ் கடைக்கு வந்தது. பாட்டிலில் 'நந்தி மலை அடிவாரத் தோட்டங்களிலிருந்து' என்று அச்சிட்டிருந்தார்கள்.