படிமட்டைக்குக் கீழே செம்பன்

வண்டு பார்ப்பதில் வடகரப்பதியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்து எனக்குப் பழக்கமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று என் தோப்பில் நிற்கிற தென்னை அத்தனையும் என் கையால் குழி தோண்டி நட்டவை. பரம்பரையில் எனக்கு ஒரு தேங்காய்கூட வந்ததில்லை.

தென்னைக்கு எதிரி இரண்டு வண்டுகள். கருப்பாய், தலையில் கொம்போடு இருப்பது கொம்பன். அது குருத்தைக் குடையும். ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டிவிட்டது போல இருக்கும். ஊர் பார்க்கத் தின்கிற வண்டு, அதனால் எனக்கு அதன்மேல் பெரிய பயம் இல்லை. மற்றது செம்பன். துரு நிறம், முன்னால் வளைந்து நீண்ட மூக்கு. மரத்தில் காயம் எங்கே இருக்கிறதோ அங்கே முட்டை வைக்கும். புழு உள்ளேயே இருந்து தின்னும். வெளியே மரம் பச்சைப் பசேலென்று நிற்கும், கள்ளும் சுரக்கும். ஒரு நாள் முறியும்.

போன தை மாதத்தில் ஒரு காலை. என் தோப்பில் கள் இறக்குகிறவர் வடக்கு மூலை மரத்தின் உச்சியில் இருந்தார். எனக்குத் தம்பி வயது, வாய் ஓயாத ஆள். கள் சுரக்க எலும்பால் பாளையைத் தட்டுகிற சத்தம் டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. வாளையார்ப் பக்கமிருந்து கணவாய்க் காற்று அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும்.

மரத்தடியில் கள் சொட்டிய ஈரத்தில் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். செம்பன். மூக்கின்மேல் மயிர் இருந்தால் ஆண். இதற்கு மொழுக்கென்று இருந்தது. முட்டை வைக்கிற பொட்டை.

அண்ணாந்து மரத்தைத் தடவிப் பார்ப்பது போலப் பார்த்தேன். ஏறுவதற்குப் படியாகத் தேங்காய் மட்டைகளை மரத்தோடு கயிற்றால் கட்டியிருப்பார்கள். என் தலைக்கு மேலே ஒரு மட்டையின் அடியிலிருந்து செங்காவியாய் நீர் ஒழுகிக் காய்ந்திருந்தது. புழு மென்று துப்பிய நார் அதில் ஒட்டியிருந்தது. அந்த மட்டையை மிதித்துத்தான் அவர் ஏறியிருக்கிறார். அதைத் தாண்டித்தான் இறங்கவும் வேண்டும்.

"தம்பீ! தட்டாதே, நிறுத்து!"

"ஏனுங்கண்ணா, தாகமா? இருங்க, எறக்கியாரேன்."

"மரத்துல செம்பன் உழுந்திருக்குது. அசையாம இரு."

மேலே சிரிப்புச் சத்தம். "உங்க கண்ணுக்கு என்ற மொட்டத் தலைகூடச் செம்பனாட்டத்தான் தெரியுமுங்க. போன மாசமும் இப்படித்தான் ஒரு மரத்துல இருந்து எறக்குனீங்க. என்ன இருந்துச்சு அதுல?"

அவர் சிரித்த சிரிப்பில் உச்சி ஆடியது.

"சிரிக்காதேடா! ஒரு நிமிசம் வாய மூடு, நான் காது வெச்சுப் பாக்கறேன்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, சத்தம் நின்றது. மரத்தில் காதை ஒட்டினேன். முதலில் காற்றுதான் கேட்டது. காற்று ஓய்ந்த இடைவெளியில், யாரோ பக்கத்து அறையில் முறுக்கு மெல்லுவது போலக் கேட்டது. ஒன்றல்ல, பல வாய்கள்.

கையிலிருந்த தொரட்டியை, நுனியில் அரிவாள் கட்டிய கழியை, திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் அந்த மட்டையைச் சுற்றித் தட்டினேன். மேற்குப் பக்கம் பொத்தென்றது, உள்ளே வெறும் கூடு. கிழக்குப் பக்கம் கிண்ணென்றது, அங்கே மரம் இன்னும் கெட்டி.

"கெழக்குப் பக்கமா மரத்தக் கட்டிப் புடிச்சு வா. தண்ணி ஒழுகற மட்டைல கால் வெக்காதே. அந்த எடத்துல சறுக்கி வந்துரு."

"கலயம் ரொம்பிக் கெடக்குதுங்க..."

"கலயத்த உடு!"

இறங்கினார். பாதி மரம் வந்ததும் அந்தக் காவி ஒழுக்கைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. மரம் கீச்சிட்டது. நான் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்தேன், என்னவோ நான் பிடித்தால் நிற்கும் என்பது போல. அவர் நெஞ்சு மரத்தில் உரச உரசச் சறுக்கிவந்து என் தோளில் கால் பட்டு மண்ணில் விழுந்தார்.

எழுந்து நெஞ்சைப் பார்த்தார். தோல் வழன்று ரத்தம் கசிந்தது. உடனே கோபம் வந்துவிட்டது.

"ஒரு மரத்துக் கள்ளு போச்சு. இப்ப மரம் நின்னுட்டுத்தானுங்களே இருக்குது? நான் போய்க் கலயத்த எடுத்தாரேன்."

அடிப்படியில் காலை வைத்தும்விட்டார். அவரோடு வாதாட எனக்கு நேரமில்லை. தொரட்டி அரிவாளை அந்த மட்டையின் கயிற்றில் மாட்டி ஒரே இழுப்பு. மட்டை விழுந்தது. பின்னால் ஒரு பொந்து, கை முட்டி நுழையும். அதிலிருந்து நனைந்த நாரும், கட்டைவிரல் தடியில் வெள்ளைப் புழுக்களும் அவர் பாதத்தின்மேல் கொட்டின. புளித்த நாற்றம் அடித்தது.

அவர் காலைப் படியிலிருந்து எடுத்தார். புழுக்களை உதறக்கூட இல்லை.

"இதுக்கு மேலயா நான் குந்தியிருந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

"குந்தி எகத்தாளமும் பேசுனே" என்றேன். சொல்லாமல் விட முடியவில்லை.

அடுத்து ஏற வேண்டிய மரத்துக்கு நடந்தார். படிமட்டையில் கை வைத்தார், ஏறவில்லை. "அண்ணா, இதையுங் கொஞ்சம் பாருங்க" என்றார். எனக்கு நெஞ்சு விம்மியதை மறைக்க மாட்டேன். தொரட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். ஒவ்வொரு மட்டையாக அவர் கயிற்றைத் தளர்த்தித் தூக்கிக் காட்ட, நான் தட்டிக்கொண்டே வந்தேன். கிண், கிண், கிண்.

வரிசையின் கடைசி மரத்தில் இருந்தபோது முதுகுக்குப் பின்னால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு மண் அதிர்ந்தது. திரும்பினோம். வடக்கு மூலை மரம் அந்தப் பொந்தில் முறிந்து, தலை மேற்கே கிடந்தது. கலயம் உடைந்த கள் வாசம் காற்றில் எங்கள் வரைக்கும் வந்தது.

அவர் மட்டையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"தட்டறத நிறுத்தாதீங்கண்ணா."