முதல் பூச்சு காயும்வரை

ஒரு வீட்டில் மருமகள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நிறம், சுவரில் ஏறியதும் இருமல் மருந்து மாதிரி ஆகிவிட்டது. மாமியார் வாயைத் திறப்பதற்குள் என் அத்தான், "நான்தாம்மா கலவையைத் தப்பாக் கலந்துட்டேன்" என்று சொல்லி, மறுநாள் வேறு நிறம் அடித்துக் கொடுத்தார். உண்மையில் கலந்தது நான். சரியாகத்தான் கலந்திருந்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். பெயிண்டர். நான் அவரோடுதான் வேலை பார்த்தேன்.

பெயிண்ட் வேலையில் பாதி, காத்திருப்பதுதான். முதல் பூச்சு காயாமல் அடுத்ததை அடித்தால் தோல் தோலாக உரியும். அந்த நேரத்தில் சாப்பிட்டு முடித்து, காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ரம்மி ஆடுவோம். காசு வைப்பதில்லை. தோற்றவர் பிரஷ் கழுவ வேண்டும், அவ்வளவுதான். அத்தான் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுவார், ஜெபம் பண்ணாமல் சீட்டாடுவார். இரண்டிலும் அவர் மனசாட்சி உறுத்தியதில்லை. பிரஷ் கழுவியது பெரும்பாலும் நான்.

அப்போது எங்கள் சபையில் புதிதாக ஞானஸ்நானம் எடுத்த ஒருவர், சுவரில் பட்டி பூசித் தேய்க்கிற வேலைக்கு எங்களோடு சேர்ந்தார். பட்டிக்காரர் என்றே கூப்பிட்டோம். முதல் நாள் நான் சீட்டைக் கலைத்ததும் எழுந்துபோய், சுவர் காயும்வரை வெளியே வெயிலில் நின்றார். சிகரெட் பிடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்து அவருக்காக ஜெபித்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவர் மனைவி அத்தானைத் தேடி வந்தார்.

"அண்ணே, எங்க வீடு போனதே சீட்டுலதான். சபைக்கு வந்தப்புறம்தான் விட்டாரு. இப்போ கேக்கறாரு, 'அவ்வளவு ஜெபிக்கிற மனுஷனே ஆடறாரு, நான் ஒரு கை ஆடினா என்ன?'ன்னு. மறுபடி தொட்டார்னா நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்."

மறுநாள் சீட்டுக்கட்டு வரவில்லை. பட்டிக்காரர் தண்ணீர் பிடிக்கப் போனதும் கேட்டேன்.

"சீட்டு எங்கே அத்தான்?"

"விட்டுட்டேன்."

"பாவமா அது?"

"இல்லையே."

"அப்புறம் ஏன்?"

"நமக்கு அது, பிரஷ்ஷை யாரு கழுவறதுங்கிற கேள்வி. அவருக்கு அது பொண்டாட்டி பிள்ளைங்க."

அன்று மூன்று பேரும் உட்கார்ந்து சுவர் காய்வதைப் பார்த்தோம். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. பிரஷ் கழுவ முறை வைத்துக்கொண்டோம். முறைப்படியும் அது எனக்கே அதிகம் வந்தது.

விஷயம் எப்படியோ பாஸ்டர் காதுக்குப் போய்விட்டது. "சீட்டாட்டம் என்ற பாவத்திலிருந்து நம் சகோதரரைக் கர்த்தர் விடுவித்தார்" என்று ஆராதனையில் அறிவித்து, அத்தானைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் பட்டிக்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். பாவம் என்று ஒப்புக்கொண்டால் பொய். காரணத்தைச் சொன்னால் சபை முழுக்க மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்க்கும். அத்தான் மைக்கைப் பிடித்து, "இப்போ சீட்டு ஆடறதில்லை. சந்தோஷமா இருக்கேன். ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு சில பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களை அவரிடம் இழுத்து வந்தார்கள், திருந்திய சூதாடியிடம் புத்தி கேட்க. எனக்குப் பொறுக்கவில்லை.

"உள்ளதைச் சொல்லியிருக்கலாமே அத்தான். உங்களுக்குச் சுதந்திரம் இல்லையா?"

"இருக்கு மாப்ளே. சொல்லாம இருக்கறதுக்கும் அதே சுதந்திரம்தான்."

பல வருஷம் கழித்து, பெயிண்ட் வாடை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல், அக்காவோடு மகள் ஊருக்கே போய்விட முடிவு செய்தார். பஸ் ஏற்றிவிட நானும் பட்டிக்காரரும் போனோம். பட்டிக்காரர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம் அத்தான் ஜன்னலோரம் என்னைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவரை உயிரோடு நான் பார்க்கவில்லை.

"நீ ஆடாதேன்னு நான் சொல்ல மாட்டேன். வீட்டுல வச்சுக்கோ. சுவர் காயறப்போ பட்டிக்காரருக்குப் பேச்சுத்துணையா இரு. சைக்கிள் தொலைஞ்ச கதை ஒண்ணுதான் அவருக்குத் தெரியும். அதையே மறுபடி ஆரம்பிச்சார்னா, 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேளு."